மேக்னம் உருளையில் சின்னத் தோட்டா

ஆர்லன் அந்த ரிவால்வரைத் திட்டாத நாளே இல்லை என்றாகிவிட்டது. இத்தனை வருஷம் சொன்ன பேச்சைக் கேட்ட துப்பாக்கி, இந்தக் கோடையில் வேலிக்கம்பத்தில் வைத்த பீன்ஸ் டப்பாவைத் தொடக்கூட மாட்டேன் என்கிறதாம். பக்கத்துப் பண்ணை கஸ்ஸுக்கு விற்பதாகப் பேசியும் முடித்துவிட்டான். நாளைக் காலை கஸ் வந்து எடுத்துப் போவான்.

மாவிஸுக்கு வயிறு எரிந்தது. கல்யாணத்தின்போது மோதிரத்துக்குப் பதிலாக ஆர்லன் அவளுக்கு வாங்கித் தந்தது அது. மொன்டானா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு கிறுக்கு மாப்பிள்ளை கிடைப்பானா? அந்தக் கிறுக்குக்காகத்தானே அவனைக் கட்டிக்கொண்டாள்.

துப்பாக்கி ஒன்று, உருளை இரண்டு. நடுவிலிருக்கும் ஊசியை உருவினால் தோட்டா போடும் ஆறு துளை உருளை கழன்று கைக்கு வந்துவிடும், மற்றதை மாட்டிக்கொள்ளலாம். டப்பா சுடச் சின்னத் தோட்டா உருளை. கோழிக்கூண்டைச் சுற்றும் நரிக்கு, பெரிய தோட்டா போடும் மேக்னம் உருளை. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருப்பதால், மேக்னத்தின் விளிம்பில் மாவிஸ் தன் சிவப்பு நகப்பூச்சைத் தடவி வைத்திருந்தாள்.

கடைசியாக ஒரு தரம் சுட்டுக் காட்டு, அப்புறம் விற்றுத் தொலை என்றாள். அவனும் முணுமுணுத்துக்கொண்டே உருளையை மாட்டி, சின்னத் தோட்டாக்களைப் போட்டுச் சுட்டான். டப்பா அசையவில்லை. பார்த்தாயா உன் துப்பாக்கியின் லட்சணத்தை என்று சொல்லி, காலித் தோட்டா உறைகளைத் தரையில் தட்டினான்.

மாவிஸ் ஒன்றைக் குனிந்து எடுத்தாள். உறை வயிறு உப்பி, பக்கவாட்டில் கிழிந்திருந்தது. சின்னத் தோட்டாவை மேக்னம் துளையில் போட்டால்தான் இந்தக் கதி. துளை அகலம், தோட்டா உள்ளே லொடலொடக்கும், குண்டு எங்கே போகுமென்று யாருக்கும் தெரியாது. அவன் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தாள். உருளை விளிம்பில் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் கையைப் பிடித்து உருளையை அவன் கண்ணுக்கு நேரே தூக்கினாள்.

"ஆர்லன், இந்த உருளையில என்ன கலர் இருக்கு?"

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கறுப்பு. வேறென்ன?"

அவள் கிழிந்த உறையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். தடவிப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. பனிக்காலத்திலிருந்தே எல்லாம் புகை மூட்டமாகத்தான் தெரிகிறது என்றான், தரையைப் பார்த்தபடி.

"கண்ணு போச்சுன்னு சொல்றதுக்குப் பதிலா, துப்பாக்கி போச்சுன்னு சொன்னியா மனுஷா?"

"சொன்னா நீ பயப்படுவ."

கிழட்டுக் கழுதை என்று திட்டியபடி அவன் கன்னத்தைப் பிடித்தாள். கண்ணில் புரைதான் விழுந்திருக்கும், எடுத்துவிடலாம், இதற்குப் போய் யாராவது மறைப்பார்களா என்றாள். அவனும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. போன பனிக்காலம் முழுக்க, மலைப்பாதையில், ஒவ்வொரு ஞாயிறும், சர்ச்சுக்கு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டி ஓட்டியது யார்?

"துப்பாக்கி இங்கேயே இருக்கட்டும்," என்று கையை நீட்டினாள். "வண்டிச் சாவியக் குடு."