முடிவை முதலில் கேட்பவள்

...பிடுங்கிவிடலாம், கை எட்டும் தூரம்தான், "குடு குருவி, அத்தை ஒரு தடவ பாத்துட்டுத் தரேன்" என்று சொன்னால் முடிந்தது, ஆனால் குருவியின் கையில் இருப்பதைப் பாதியில் பிடுங்கினால் என்ன நடக்கும் என்று அத்தையைவிட யாருக்குத் தெரியும், அச்சகத்தின் முன்னறையே இரண்டுபட்டுவிடும். அதனால் அத்தை நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, தம்பி மகள் குருவி மேசைமேல் பிழை பார்க்கக் கிடந்த ப்ரூஃப் தாள்கட்டை அப்படியே கவிழ்த்துக் கடைசிப் பக்கத்தை மேலே கொண்டுவருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை எழுதிய புத்தகம். பிள்ளைகளுக்கான சாகசக் கதை, மூச்சுவிடும் மலையும் வரமும் உள்ள கதை. முன்பக்கங்கள் உள்ளே அச்சாகிவிட்டன, கடைசிப் பதினாறு பக்கம் மட்டும் அவள் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு "சரி"க்காகக் காத்திருக்கிறது. பதிப்பாளர் வந்ததும் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பிறகு எதற்கு இந்தப் பதற்றம்? ஒரு குழந்தை ஒரு பக்கம் படிக்கிறது, அவ்வளவுதானே...

அவ்வளவுதானா? குருவிக்கு எதுவானாலும் முடிவு முதலில் தெரிந்தாக வேண்டும், பேசத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். கதை சொல்ல வாயைத் திறந்தால் "கடைசில எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாங்களா?" என்று கேட்பாள், வந்துவிட்டார்கள் என்றால்தான் காது கொடுப்பாள், தெரியாத முடிவு அவளுக்கு இருட்டில் இறங்குகிற படிக்கட்டு மாதிரி. வீடே அதற்குப் பழகிப்போனது. பல் வைத்தியரிடம் போவதென்றாலும் "கடைசில ஐஸ்கிரீம், அதுக்கு முன்னாடி பல்" என்றுதான் சொல்வார்கள், அவள் அப்பா நகைச்சுவைத் துணுக்கைக்கூடக் கடைசி வரியிலிருந்து தொடங்குவான், ஊரில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள், இவள் மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்படிப்பட்டவளிடம், இவளையே நாயகியாக வைத்து எழுதிய இந்த ஒரு கதையின் முடிவை மட்டும் அத்தை மறைத்துவிட்டாள். "இது உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்டி." "எனக்கு ஆச்சரியம் பிடிக்காது அத்தை." "இது பிடிக்கும், பாரேன்." அதோடு குருவி இந்தக் கதையில் ஒரு வரிகூடக் கேட்க மறுத்துவிட்டாள். அத்தையும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாதது பெருந்தன்மையா, இல்லை, ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்ததா? ஏன் நிம்மதி?

நல்ல முடிவுதான். மனசறிந்து எழுதிய முடிவு. கூழாங்கல் என்கிற பெண், எப்போதும் உள்ளங்கையில் ஒரு கூழாங்கல்லை வைத்து உருட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர், யார் கண்ணையும் பார்க்க மாட்டாள், சந்தோஷம் வந்தால் கைகள் சிறகு மாதிரி அடித்துக்கொள்ளும், ஊர்க் கோபுரத்து மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவாள். அதே காதுக்குத்தான் மலையின் மூச்சு மாறுவது கேட்கிறது, மலை விழித்தால் ஊரே புதைந்துவிடும் என்கிறாள், ஊர் சிரிக்கிறது, அவள் தனியாக ஏறிப்போய்த் தான் வழக்கமாக முனகும் ஒரே மெட்டை முனகி முனகி மலையைத் தூங்கவைக்கிறாள். மலை மனமிரங்கி வரம் கொடுக்கிறது, இனி எந்தச் சத்தமும் உனக்கு வலிக்காது, உன் கை ஆடாது, நீ எல்லாரையும் போல் இருப்பாய் என்று. அவள் இறங்கி வந்து மணியோசைக்கு நடுவில் மற்றப் பிள்ளைகளோடு கைகோத்துச் சுற்றுகிறாள்... கூட்டத்தில் எவள் அவள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் கடைசி வரி. பதிப்பாளர் படித்துவிட்டு ஃபோனிலேயே மூக்கை உறிஞ்சினார், "அழவெச்சுட்டீங்கம்மா" என்றார். அந்த வரியை அவளுக்குக் கொடுத்தவன் தம்பிதான். ஒருநாள் பள்ளிக்கூட மணிக்குச் சுருண்டுபோன குருவியைத் தூக்கிக்கொண்டு வந்தவன், சட்டையெல்லாம் கசங்கி, வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து, "கூட்டத்தோட கூட்டமா இவளும் ஒருத்தியா இருந்தா போதும்க்கா, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றானே. அதைத்தானே எழுதினாள். அதைத்தானே தினமும் காலையில் கண்ணை மூடி...

"இவ தொலைஞ்சு போயிட்டாளா அத்தை?" என்றாள் குருவி, தாளிலிருந்து தலையை எடுக்காமல். யாருடி? "கூழாங்கல். கண்டுபிடிக்க முடியலைன்னு போட்டிருக்கு. அப்ப தொலைஞ்சுட்டான்னுதானே அர்த்தம்? யாரும் தேடவே இல்ல." அது அப்படி இல்லடா, அவ இப்ப எல்லாரையும் மாதிரி ஆயிட்டா, அதனால... அதனால என்ன? குருவி அடுத்த தாளைப் புரட்டினாள், அவளுக்கு அது முந்தின தாள், அப்படியே பின்னோக்கிப் பின்னோக்கி, மலைவரைக்கும் போனாள். "மறுபடி மலையோட மூச்சு மாறுச்சுன்னா யாருக்குக் கேக்கும்? இவ காதத்தான் மாத்திட்டாங்களே." கோபமில்லை, அழுகையில்லை, கணக்கில் ஒரு எண் விடுபட்டிருக்கிறது என்று சொல்கிற குரல். இத்தனை மாதம் எழுதினோமே, இத்தனை பேர் படித்தார்களே, ஒருவருக்கும் தோன்றவில்லையே, ஊரைக் காப்பாற்றிய காதை அந்த மலையே வரம் என்ற பெயரில் பிடுங்கிக்கொண்டது யார் கண்ணிலும் படவில்லையே. குருவி தாள்கட்டை மேசைமேல் வைத்து விளிம்புகளைத் தட்டி ஒழுங்காக்கினாள். "எனக்கு முன்கதை வேண்டாம் அத்தை. கடைசில அவ வரல." வீட்டுக்கு வரவில்லை. எல்லாரும் வந்துவிட்டார்கள், அவள் ஒருத்தி மட்டும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்தா உள்கதவு திறக்க வேண்டும், இயந்திரத்தின் இரைச்சல் அணை உடைந்தது போல முன்னறைக்குள் பாய்ந்தது, குருவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விட்டாள், அத்தை எழுவதற்குள் "சாரி சாரி" என்றபடி மிஷின்காரர் கதவைச் சாத்தினார். மையேறிய விரல்கள், கழுத்தில் இரைச்சலுக்கு மாட்டும் பெரிய காதுமூடி. குனிந்து பார்த்தார். என்ன ஆச்சு, உடம்புக்கு என்ன என்று அவர் கேட்கவில்லை, அத்தை எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை சொல்லிச் சலித்த விளக்கத்தை நாக்கில் எடுத்து வைத்திருந்தாள், அது செலவாகவே இல்லை. சட்டை நுனியால் காதுமூடியைத் துடைத்துத் தரையில் வைத்து அவள் பக்கம் மெல்லத் தள்ளினார். "எனக்கும் ஆகாது பாப்பா. இது இல்லாம நான் உள்ள போகவே மாட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து மேசைக்கடியிலிருந்து ஒரு கை நீண்டு அதை எடுத்துக்கொண்டது. பிறகு அது தலையில் ஏற, அவள் வெளியே வந்து அவர் சட்டையைப் பார்த்து, "பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள். அவர் குனிந்து பார்த்து, "காலையிலேர்ந்து ஒருத்தனும் சொல்லலையே, பாவிப் பசங்க" என்று அங்கேயே கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டார். குருவியின் கைகள் ஒருமுறை சிறகடித்தன. இவ்வளவுதானா விஷயம்? ஒரு மனிதர் தன் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார், அவ்வளவு பெரிய மலைக்கு இது தோன்றவில்லையே... மலைக்கு எங்கே தோன்றும், மலையைப் பேசவைத்தவள் அத்தைதானே.

பதிப்பாளர் குடையை மடக்கிக்கொண்டே வந்தவர், "என்னம்மா, ஓகேதானே? மிஷின்ல ஏத்திரலாமா?" என்றார். "சரி" என்கிற சொல் பழக்கதோஷத்தில் உதடுவரை வந்துவிட்டது. "இல்லைங்க. கடைசிப் பக்கம் தப்பு." எழுத்துப் பிழையா? "இல்லைங்க... முடிவே தப்பு." அவர் அவளைப் பார்த்தார், குருவியைப் பார்த்தார், மிஷின்காரரைப் பார்த்தார், "நான் அழுத முடிவும்மா அது" என்றார், பறிகொடுத்தவர் குரலில். "இன்னொரு தடவ அழவெக்கறேன், கொஞ்சம் டைம் குடுங்க." மிஷின்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "நான் இன்னும் சாப்பிடல. மெதுவா மென்னு சாப்பிடணும்னு டாக்டர் வேற சொல்லியிருக்கார்" என்றார். பதிப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மெல்லு, மெல்லு. ஆனா நீ மென்னு முடிச்சா மிஷின் ஓடணும்."

அத்தை கழிவுத் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டாள். புது முடிவில் வரமில்லை, ஊர்க்காரர்கள் மணியின் நாக்கில் துணி சுற்றுவார்கள், ஆளுக்கொரு துணி, ஒருத்தி தன் பாவாடையைக் கிழித்துக்கூடத் தருவாள், மணி அடிக்கும், ஆனால் பஞ்சுமேல் விழுந்த பழம் மாதிரி அடிக்கும், கூட்டம் சுற்றிச் சுற்றி ஆடும், நடுவில் இரண்டு கைகள் மட்டும் சிறகடித்துக்கொண்டிருக்கும், தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும், அதோ அவள் என்று... சொன்னாள். குருவி காதுமூடியை ஒரு பக்கம் மட்டும் தூக்கிக் கேட்டாள். "அப்ப வீட்டுக்கு வந்துட்டா." வந்துட்டா. "சரி, இப்ப முதல்லேர்ந்து சொல்லு." எழுதிட்டுச் சொல்றேன், இரு. எழுதத் தொடங்கும் முன் எப்போதும் செய்வதுபோல் கண்ணை மூடினாள், மூடியதும் தினசரி வேண்டுதல் தானாக வந்து நின்றது, ஆண்டவனே, இந்தக் குழந்தையை எல்லாரையும் போல... நின்றது. அந்தச் சொற்களை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமாய் இதைத்தானா கேட்டோம், இவளை எடுத்துக்கொண்டு வேறொருத்தியைக் கொடு என்றா? அவர் கொடுக்காமல் இருந்தாரே, அதற்காக அவரைக் காது கேளாதவர் என்று எத்தனை இரவு மனத்தாங்கல் பட்டிருப்பாள்... முடிவை முதலிலேயே அவருக்குச் சொல்லிவிட்டு, இதுதான் வேண்டும், இப்படித்தான் வேண்டும் என்று... அப்படியானால் இனி என்ன கேட்பது? தம்பியிடம் என்ன சொல்வது? பள்ளிக்கூடம் அப்படியேதான் இருக்கும், நாளைக்கும் அங்கே மணி அடிக்கும், துணி சுற்ற அங்கே யார் இருக்கிறார்கள்?

"அத்தை, சாமிகிட்ட என்ன கேக்கற?"

"இன்னும் கேக்கலடி."

"முதல்ல முடிவைச் சொல்லு."

தெரியலையே குருவி, என்றாள் அத்தை, கண்ணைத் திறக்காமல், இந்தத் தடவ எனக்கே தெரியல... சொல்லிவிட்டுப் பயந்தபடி காத்திருந்தாள். குருவி நாற்காலி ஒன்றைத் தரையில் இழுத்துக்கொண்டு பக்கத்தில் வருகிற சத்தம் மட்டும் கேட்டது.