நஸீபாவின் சைகைகள்

பின்கட்டில் சேலைகளை மறைப்பாகக் கட்டி, பெண்கள் நஸீபாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். கற்பூரம் கலந்த தண்ணீர் சேலைக்கு அடியில் வழிந்து வந்து அவள் கணவன் மன்சூரின் கால்களை நனைத்தது. அவன் நகரவில்லை.

விடிந்து கொஞ்ச நேரத்தில், தொழுகைப் பாயைச் சுருட்டியவள் நெஞ்சில் கையை வைத்து விரல்களை இறுக்கிக் காட்டினாள். வலிக்கிறது என்று அர்த்தம். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே அந்தக் கை கணவனின் மடியில் தளர்ந்துவிட்டது. நஸீபாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கல்யாணமான நாள் முதல் அவர்கள் வீட்டில் சண்டைகூடச் சத்தமில்லாமல்தான் நடந்தது.

சாரல் விட்டபாடில்லை. குற்றாலத்து மலையே தெரியவில்லை. மேகம் தென்காசித் தெருக்களுக்குள் இறங்கி, பள்ளிவாசல் மினாராவின் பாதியை விழுங்கியிருந்தது. வந்தவர்கள் சொன்ன எதுவும் மன்சூரின் காதில் ஏறவில்லை. உதடுகள் அசைந்தன. யாரோ தோளைத் தொட்டார்கள். எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. இவள் பார்த்த உலகம் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டான்.

அவனுக்குக் கேட்டது ஒரே ஒரு சத்தம். உள்ளறையில் லேப்டாப் விசிறி இரைந்துகொண்டிருந்தது.

பாளையங்கோட்டையில் படித்தபோது கற்ற சைகைகளை நஸீபா ஒவ்வொரு சொல்லாகச் செய்து காட்டுவாள், மன்சூர் செல்போனில் படம் பிடிப்பான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவற்றை இணையத்தில் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றி வந்தார்கள். செல்போனில் எடுத்தபடியே கொடுத்தால் அது வாங்காது. வெப்எம் என்ற வகைக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும். மன்சூரின் பழைய லேப்டாப் அதற்குப் பாதி நாளைத் தின்னும். ஐந்தருவியில் எடுத்த படத்தை மாற்றப் போட்டுவிட்டுத்தான் அன்று காலையில் அவன் டீ போட எழுந்திருந்தான்.

ஒருமுறை சிவகிரியிலிருந்து ஒரு பெண் வீடு தேடி வந்தாள். அவளுடைய மகனுக்கும் காது கேட்காது. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அவன் சைகை கற்றிருந்தான். "எம்புள்ள இப்பத்தாம்மா பசிக்குதுன்னு சொல்லுதான்" என்று நஸீபாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று முழுவதும் நஸீபா தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிப்பாட்டி முடிந்ததும் மன்சூர் உள்ளறைக்குப் போய் உட்கார்ந்தான். நஸீபாவின் தம்பி முகம்மது ஆசிக் அங்கே வந்தான். துபாயிலிருந்து லீவில் வந்திருந்தவன். அழுது முகம் வீங்கியிருந்தது. லேப்டாப்பை அணைக்கக் கையை நீட்டினான்.

"அது ஓடட்டும் ஆசிக்."

"மச்சான், லாத்தா வீடியோ எல்லாத்தையும் நெட்ல இருந்து எடுத்துருங்க. மவுத்தான பொறவு அவ மொகத்தக் கண்டவனும் பாக்கணுமா?"

"போட்டது போட்டதுதான். எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்கலாம், ஆனா எடுத்துத் தர மாட்டாங்க. இனிமே அது ஊருக்குச் சொந்தம்."

"இப்ப ஓடுதே, இது?"

"இது இன்னும் போகல."

"அப்ப இத மட்டுமாவது விட்டுருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முகம் பார்க்க வரச்சொல்லி மன்சூரைப் பின்கட்டிலிருந்து கூப்பிட்டார்கள். வெள்ளைத் துணிக்குள் அவள் கைகள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கைகளைத்தான் தேடினான்.

அஸர் தொழுகைக்குப் பின் சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்பக்கம் மன்சூரும் ஆசிக்கும் தோள் கொடுத்தார்கள். மேகத்துக்குள் நடப்பதுபோல் இருந்தது. முன்னால் போகிறவர்களின் தொப்பிகள் மட்டும் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. கபுருக்குள் ஈர மண் விழுந்தது. அந்தச் சத்தமும் அவனுக்குக் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது வாசல் நிறையச் செருப்புகள். முன்னறையில் ஓதிக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் விசிறி அடங்கியிருந்தது. படம் மாறி முடிந்திருந்தது. மன்சூர் நாற்காலியில் உட்கார்ந்தான். ஆசிக் பின்னாலேயே வந்து நின்றான்.

"ஏத்தப் போறீகளா?"

"மொதல்ல பாரு. பாத்துட்டுச் சொல்லு."

திரையில் நஸீபா சிரித்தாள். பின்னால் ஐந்தருவி புகைபோல் விழுந்துகொண்டிருந்தது. தனக்குக் கேட்காத சத்தம் மற்றவர்களுக்கு மட்டும் எதற்கு என்று அவள் எப்போதும் ஒலியை நீக்கச் சொல்லிவிடுவாள். இதிலும் அப்படித்தான். முதலில் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த சைகையைச் செய்தாள். தம்பி. பிறகு கொஞ்சம் தயங்கி, தென்காசியில் எங்கள் வீட்டில் இப்படி என்று காட்டிவிட்டு, இடது புருவத்தை ஒரு விரலால் நெடுகத் தடவினாள். மறுபடியும் ஒருமுறை, மெதுவாக, பார்க்கிறவர்கள் கற்றுக்கொள்வதற்காக.

ஆசிக்குக்கு இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு உண்டு. நடை பழகுகிற வயதில் ஆட்டுக்கல்லில் விழுந்தது.

படம் நின்றது. ஆசிக் திரைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"பின்னால கைலியோட குளிக்கது நானா?"

"நீதான். நகருன்னு கத்துனேன், உனக்குக் கேக்கல."

"இப்படித்தான் என்னயக் கூப்பிடுவா. எனக்கு மறந்தே போச்சு மச்சான்."

"ஏத்தவா?"

இந்த முறை ஆசிக் லேப்டாப் பக்கம் கையை நீட்டவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

விவரம் கேட்ட இடத்தில் மன்சூர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். சொல்: தம்பி. செய்து காட்டுபவர்: நஸீபா, தென்காசி. எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வரிக்குப் பக்கத்தில் டிக் அடித்தான். பொத்தானை அழுத்தியதும் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகரத் தொடங்கியது.

ஜன்னலுக்கு வெளியே சாரல் வலுத்திருந்தது. ஓத வந்தவர்களின் செருப்புகளை, ஜோடி மாறாமல், ஆசிக் குனிந்து குனிந்து கூரைக்கு அடியில் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தான்.