மரக்கடை வளைவில் ஒரு குதிரை

வண்டிக்காரர் செத்த அன்று அவர் மனைவி அழவில்லை. கொட்டிலில் கட்டியிருந்த இளங்குதிரைதான் அழுதது. உடலைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்திய நேரத்திலிருந்து மறுநாள் வரை அதன் கண்களிலிருந்து நீர் வடிந்து, தாடையில் சொட்டி, தீவனத் தொட்டியின் விளிம்பை நனைத்தது. தூசி விழுந்திருக்கும் என்றார்கள். கால்நடை மருத்துவர் வந்து இமையைப் புரட்டிப் பார்த்தார். கண் நன்றாகத்தான் இருக்கிறது, இது அழுகை என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார். அந்த நேரத்தில் அவள் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டிக்காரர் ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் சாரட்டு ஓட்டியவர். மரக்கடை வளைவில் கட்டை ஏற்றிய லாரி ஒன்று பார்க்காமல் பின்னோக்கி வந்ததில் அவரும் சாரட்டில் பூட்டியிருந்த கிழட்டுக் குதிரையும் ஒன்றாகப் போய்விட்டார்கள். சாரட்டுக்கு ஒரு சக்கரமும் முன்கட்டை ஒன்றும் முறிந்ததோடு சரி. தையல் கடையில் வேலை பார்த்த மகளுக்கு அப்பா போனதைவிட அம்மாவின் காய்ந்த கண்தான் உறுத்தியது. ஒருநாள் தாங்காமல் கேட்டேவிட்டாள்.

"அப்பாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் கூடவாம்மா உங்கிட்ட இல்ல?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். "தேடிப் பாத்தேன். இல்ல," என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை. அன்றிலிருந்து மகள் பேச்சை நிறுத்தினாள். தன் தட்டைத் தானே எடுத்து, தானே கழுவி, தானே கவிழ்த்தாள்.

இழப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பது பிறகு ஒரு காலையில் தெரிந்தது. அடுப்பிலிருந்து இறக்கும்போது வெந்நீர்ப் பானை சரிந்து அம்மாவின் மணிக்கட்டில் கொட்டியது. அவள் பானையை மீதி சிந்தாமல் கீழே வைத்தாள். அதே கணத்தில் கொட்டிலில் குதிரை அலறித் தடுப்புப் பலகையை உதைத்துப் பிளந்தது. கொழுந்தன் சேணம் தைக்கிறவர். அண்ணனின் பழைய வார்களைச் சரிபார்க்க வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரே சமயத்தில் இரண்டையும் பார்த்தவர் அவர்தான்.

"அண்ணி, வலிக்கலையா?"

"அதுக்கு வலிக்குது போலிருக்கு," என்று அவள் கொட்டில் பக்கம் பார்த்தாள். மணிக்கட்டில் மருந்து தடவியதும் குதிரை அடங்கியது. சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒருவர் வீட்டுத் தண்ணீர் பக்கத்து வீட்டுக் குழாயில் வருவதில்லையா, அதுபோல என்று பேசிக்கொண்டார்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்க வந்தவர்கள் கொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

குதிரைக்கு வண்டி பழக்கும் வயது வந்திருந்தது. கணவர் கயிற்றில் நடக்க மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார். சாரட்டும் பழுது பார்த்து வந்துவிட்டது. இரண்டையும் சும்மா நிறுத்தி வைக்க மனமில்லை என்று சொல்ல முடியாது. மனம் என்று ஒன்று அப்போது அவளிடம் இல்லை. கைகள் சும்மா இருக்கப் பழகாதவை, அவ்வளவுதான். கடிவாள இரும்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிப் பிறகு வாயில் கொடுத்தாள். மார்ப்பட்டையை முகர விட்டு, முதுகில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டாள். நீள வார்களைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வலது இடது பழக்கினாள். பழைய டயர் ஒன்றைக் கட்டி இழுக்க விட்டாள்; பின்னால் ஏதோ துரத்துகிறது என்று எல்லாக் குதிரைகளும் அந்தக் கட்டத்தில் மிரண்டு ஓடும். இது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாரி ஹாரன், குடை விரிவது, காற்றில் பறக்கும் பாலிதீன் பை, எதற்கும் அது காதை அசைக்கவில்லை. கொழுந்தன் இப்படி ஒரு சாதுக் குதிரையைப் பார்த்ததில்லை என்றார். ஆனால் வாசலில் ஓரமாகக் கிடந்த வண்டிக்காரரின் செருப்பைக் கண்டதும் அது நான்கு காலையும் ஊன்றி நின்று, உடம்பெல்லாம் வியர்த்து நடுங்கியது. கொடியில் காய்ந்த அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டைக்குக் கயிற்றையே அறுத்துக்கொண்டது.

குதிரை எதற்குப் பயப்படுகிறதோ அதற்குத்தான் பழக்க வேண்டும். அவள் சட்டையை முற்றத்துக் கடைசியில் ஒரு கம்பில் மாட்டினாள். குதிரையைத் தூரத்தில் நிறுத்தி, அது மூச்சு வாங்கி அடங்கும் வரை கழுத்தைத் தடவினாள். மறுநாள் கம்பைக் கொஞ்சம் பக்கத்தில் நட்டாள். "ஒண்ணுமில்ல, சட்டைதான். போட ஆளில்ல, அவ்வளவுதான்," என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், துணிக்கடைக்காரர் துணியைப் பற்றிச் சொல்வதுபோல. மழைக்காலம் முடியும்போது குதிரை தானாக நடந்துபோய் அந்தச் சட்டையின் கழுத்துப்பட்டையில் மூக்கை வைத்து, வெகுநேரம் அப்படியே நின்றது. அவள் கயிற்றைத் தளர்த்திப் பிடித்தபடி வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் அதைச் சாரட்டில் பூட்டினாள்.

சாரட்டை அது பூப்போல இழுத்தது. மரக்கடை வளைவு வரைக்கும்தான். அங்கே நின்றுவிடும். ரயில் நிலையத்துக்கு வேறு வழி கிடையாது. பல நாள் பார்த்துவிட்டுக் கொழுந்தன் சொன்னார்: "இது வண்டிக்கு ஆகாது அண்ணி. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் சவாரிக்குக் கேக்கறார். கொடுத்துடலாம்." அவளும், "கொடுத்துடலாம்," என்றாள், உப்பைக் கேட்டால் உப்பை நகர்த்துகிற குரலில். குதிரை அன்று தீவனத்தைத் தொடவில்லை.

மகள் அந்த வளைவுப் பக்கம் கால் வைத்தே நாளாகியிருந்தது. சுற்று வழியில்தான் வேலைக்குப் போய்வருவாள். அன்று அந்தத் தெருவைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் வேறு வழியில்லாமல் மரக்கடைப் பக்கம் வந்தாள். மதில் ஓரமாகச் சாரட்டு நின்றது. இருக்கையில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் பேருந்துக்குக் காத்திருப்பவள் முகம். முன்னால் குதிரை அழுதுகொண்டிருந்தது, மார்ப்பட்டை ஊறிப்போகிற அளவுக்கு. பலகை சுமந்து வந்தவர்கள் பழகியதுபோல ஒதுங்கிப் போனார்கள். ஒருவர் அதன் முன்னால் தண்ணீர் வாளியை வைத்தார்.

"தினமும் வருதும்மா," என்றார் மரக்கடைக் காவலாளி. "அழுது முடிச்சதும் திரும்பிடும். உங்கம்மா இறங்கவே மாட்டாங்க."

மகள் போய்க் குதிரையின் கன்னத்தைப் பிடித்தாள். அது நெற்றியை அவள் மார்பில் வைத்து அழுத்தியது. அவள் ஓரடி பின்னால் தள்ளாடி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அப்பா போனதிலிருந்து தனியாக அழுததையெல்லாம் சேர்த்து அழுதாள். முடிந்ததும் மேலேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏறு. இருட்டப் போகுது."

மகள் ஏறினாள். அம்மா அவளுடைய துப்பட்டா சக்கரத்தில் சிக்காதபடி எடுத்து அவள் மடியில் வைத்தாள். வார்களை லேசாக அசைத்தாள். திரும்பும் என்றுதான் காவலாளி வாளியை எடுத்தார். குதிரை திரும்பவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டு நேராக நடந்து வளைவைக் கடந்தது. நிலையம் வரை போய்விட்டு வீடு வந்ததும் மகள் முதல் வேலையாகச் சித்தப்பாவிடம் போய், வாங்க வருபவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னாள். "ஏன், ஓடுதா?" என்று கேட்டார். "ஓடுது. ஓடலைன்னாலும் வேண்டாம் சித்தப்பா," என்றாள்.

அதற்குப் பிறகு சாரட்டு பல வருஷம் ஓடியது. மகளும் அம்மாவும் மறுபடி பேசினார்கள். கத்தரிக்கோல், விறகு, மழை இவற்றைப் பற்றி. மற்றதை மகள் கொட்டிலில் பேசிக்கொண்டாள். தூரத்து நகரத்தில் பெரிய தையல் நிறுவனத்தில் வேலை கிடைத்ததும் அம்மாதான் சாரட்டில் கொண்டுவந்து ரயிலேற்றினாள். பெட்டியை இறக்கி வைத்து, "பாத்துப் போ. ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டாத," என்றாள். மகள் அவள் கையைப் பிடித்து வைத்திருந்தாள். கை எப்போதும்போல ஒன்றும் சொல்லவில்லை. பிறகு குதிரையிடம் போனாள். அது அவள் தோளில் தாடையை வைத்தது, விடவில்லை. ரயில்வே ஊழியர் வந்து, நேரமாகிறது என்று குதிரையிடம் தன்மையாகச் சொன்ன பிறகுதான் விட்டது.

ரயில் கிளம்பிக் கடைசிப் பெட்டியும் மறைந்த பிறகும் குதிரை கனைத்துக்கொண்டே இருந்தது. அம்மா இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். எதிர்ரயிலில் வந்திறங்கிய உள்ளூர்க்காரர் ஒருவர் பையோடு வந்தார்.

"எங்க போகணும்?" என்றாள்.

அவர் இடத்தைச் சொல்லிவிட்டு ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, குதிரையைப் பார்த்தார். "அவசரமில்லம்மா. அது முடிக்கட்டும்," என்றார். அவள் வார்களைத் தளர்த்தி வைத்தாள். இருவரும் காத்திருந்தார்கள்.