கனைப்புச் சத்தம்

பல்லாவரம் தோல் கம்பெனி ஒன்றில், ஷூவுக்கான தோலின் ஓரத்தை மெலிசாகச் சீவும் மெஷினை ஓட்டுவது ஷீலாதான். ஆனால் ஆபீஸ் ரெஜிஸ்டரில் அவள் வெறும் ஹெல்பர். தோல் எடுத்துக் கொடுக்கிற ஆல்வின்தான் ஆபரேட்டர். பொம்பளையை ஹெல்பராகத்தான் சேர்ப்பார்கள். சம்பளமும் அந்தப் பெயருக்குத்தான். வெளியாள் பார்க்க வந்தால் சூபர்வைசர் சுகுமார் தொண்டையைக் கனைப்பார். ஷீலா எழுந்துகொள்வாள், ஆல்வின் உட்காருவான்.

இந்தத் தடவை வந்தவள் விஷ்ணுப்ரியா. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் ஏன் வித்தியாசப்படுகிறது என்று அளந்து காரணம் எழுத, ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய பெண். மெஷினில் இருப்பது ஷீலா என்று அவள் எழுதிவிட்டால், கம்பெனி ஆபரேட்டர் சம்பளம் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

"இன்னிக்கி எழுந்துக்காதக்கா. சார் கனைச்சா கனைக்கட்டும்" என்று ஆல்வின் காலையிலேயே சொல்லியிருந்தான்.

என்ன செய்ய, கண்ணுங்களா! கனைப்பு கேட்டதும் ஷீலா எழுந்துவிட்டாள். ஆல்வின் முழித்தான்; சுகுமார் முறைக்கவும் உட்கார்ந்தான். மெஷினில் ஆல்வின் என்று எழுதிக்கொண்டு விஷ்ணுப்ரியா நகர்ந்தாள்.

"இன்னாக்கா இப்டி பண்ட்ட?"

"நானாடா எழுந்தேன்? பழக்கி வெச்ச காலு, அதுவா எழுந்துக்கிச்சு."

சாப்பாட்டு வேளையில் ஷீலா டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த விஷ்ணுப்ரியாவிடம் போனாள்.

"மேடம், அந்த மெஷின் நான் ஓட்றது."

"அப்ப ஏங்க எழுந்தீங்க?" அவள் குரலில் கோபமில்லை, அலுப்புதான். "போற கம்பெனியெல்லாம் இதேதான். வேலை வேற, அதனால சம்பளம் வேறன்னு எழுதி எழுதி எனக்கே சலிச்சுப்போச்சு. நீங்க சொல்றத வெச்சு மாத்த முடியாது. நான் பார்க்கணும். சாப்பிட்டு திரும்ப வரேன்."

வந்தாள். பின்னாலேயே கனைப்பும் வந்தது. ஷீலாவின் முட்டி பாதி நிமிர்ந்தது.

"குந்துக்கா" என்றான் ஆல்வின், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

மறுபடியும் கனைப்பு.

"இன்னா சார், தொண்டையில கிச்கிச்சா?" திரும்பாமலே கேட்டாள் ஷீலா. "தண்ணி குடிங்க சார்."

பக்கத்து வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் தோலை இழுத்து வைத்துச் சீவினாள். சீவி முடிக்கிறவரை விஷ்ணுப்ரியா நின்று பார்த்தாள். பிறகு முன்னே எழுதியதை அடித்தாள்.

ஷீலா நிமிரவில்லை. இரண்டு காலையும் ஸ்டூல் காலோடு பின்னிக்கொண்டு அடுத்த தோலுக்குக் கை நீட்டினாள்.