பாய்லரை அணைத்தவர்கள்

1
இந்தக் கதை ஒரு கல்யாண விருந்துச் சண்டையில் பிறந்தது. ஜெர்மனியின் துறைமுக ஊரான வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில், என் மைத்துனியின் கல்யாணம். “அமெரிக்க அதிபர் சமாதானத்துக்குப் பதினாலு அம்சம் எழுதினார், முதல் உலகப்போர் நின்னுச்சு” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. என் மனைவி வீப்கே முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அவரா நிறுத்தினார்? எங்க கொள்ளுத்தாத்தா ஓக்கோ கப்பல்ல பாய்லரை அணைச்சாரே, அதை யார் சொல்றது மாமா?”

நான் சொல்கிறேன்.

2
முதல் தொடக்கம்: ‘வாஷிங்டனில், விளக்கொளியில், அதிபர் பேனாவை எடுத்து…’

வேண்டாம். அவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

மறுபடி: 1918, அக்டோபர் கடைசி. துறைமுகத்துக்கு வெளியே ஒரு போர்க்கப்பல். அதன் அடித்தளத்தில் ஓக்கோ யான்சன் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுகிறான். அதிபரின் அம்சங்களை ஏற்றுப் போரை முடிக்கத் தயார் என்று ஜெர்மன் அரசே எழுதிவிட்டது, பத்திரிகையிலும் வந்துவிட்டது. ஆனாலும் தளபதிகள் மானத்துக்காகக் கடைசியாக ஒரு சண்டைக்குக் கிளம்பப்போகிறார்கள் என்று கப்பல் முழுக்கப் பேச்சு.

3
இங்கே எனக்கு ஓக்கோமேல் சந்தேகம் வந்தது. அவன் அந்த அம்சங்களைப் படித்தானா? படித்துக் கண்கலங்குவதாக ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். (பதிப்பாளருக்குப் பிடித்த பத்தி அது. போகட்டும்.) வீப்கே வீட்டில் சொல்வது இதுதான்:

“பதினாலுல ஒண்ணு சொல்லுடா பாப்போம்” என்று சீண்டினான் கூட்டாளி ஹாயோ.

“ஒண்ணுகூடத் தெரியாது. பேசிக்கிட்டிருக்காங்க, அது தெரியும். அவங்க பேசுறப்ப நான் ஏன்டா சாவணும்?”

ஓக்கோ அடுப்புக் கதவைத் திறந்து எரியும் கரியை வெளியே இழுத்துப் போட்டான். ஹாயோ தண்ணீர்க் குழாயை அதன்மேல் திருப்பினான். நீராவியில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. பக்கத்து அடுப்புகளிலும் அதே சத்தம் கேட்டது.

லெப்டினன்ட் ராட்கே துப்பாக்கியோடு இறங்கி வந்தார். “மறுபடி பத்த வைடா! இல்லேன்னா சுட்டுடுவேன்.”

“சுடுங்க சார். அப்புறம் கரியை நீங்கதான் அள்ளணும்” என்றான் ஓக்கோ.

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் ராட்கேயின் கையைத் தாழ்த்தியது என்று எழுத ஆசை. தாழ்த்தினார், ஏனென்று எனக்குத் தெரியாது.

4
முடிவுகளைப் பார்ப்போம்.

ஓக்கோவைச் சுட்டார்கள்: பொய். அதிபரிடமிருந்து நன்றித் தந்தி வந்தது: அதைவிடப் பெரிய பொய்.

கப்பல் சண்டைக்குக் கிளம்பவில்லை. ஓக்கோவையும் ஹாயோவையும் கீல் நகரச் சிறையில் அடைத்தார்கள். சில நாளில் மாலுமிகளும் பட்டறைத் தொழிலாளிகளும் தெருவை நிறைத்துக்கொண்டு வந்து சிறைக்கதவைத் திறக்க வைத்தார்கள். அரசரே ஓடிப்போனார். போர் நின்றது.

(அதிபரின் தாள் போரை நிறுத்தவில்லை என்று சொல்லவரவில்லை. சாவு கட்டாயமில்லை என்று அது காட்டியது. மாட்டேன் என்று சொன்னது இவர்கள்.)

5
அடுத்த வருடம் சமாதான உடன்படிக்கை வந்தது. அதிபர் சொன்னதில் பாதி அதில் இல்லை. மதுக்கடையில் ஒருவன் கத்தினான்: “உங்க அதிபர் நாமம் போட்டுட்டாரே! அவரை நம்பியா அணைச்சீங்க?”

“அவர் போட்டா போட்டுக்கட்டும்” என்றான் ஓக்கோ. “கப்பல்ல இருந்த ஆயிரம் பேரும் வீட்டுல சாப்பிடுறாங்க. போய் அவங்களைக் கேளு.”

ஹாயோ கோப்பையைத் தள்ளிவைத்தான். “சரிடா, நாளைக்கே இன்னொருத்தன் சமாதானம்னு ஒரு தாளை நீட்டுறான். மேல இருக்கறவன் சண்டைக்குக் கிளம்புங்கறான். மறுபடி அணைப்பியா?”

ஓக்கோவின் பதில் வீப்கேவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். ஹாயோ கேட்டது உங்களை. சொல்லுங்கள்.