செத்த மீனின் உருவம்

ராத்தாவின் லெப்டொப்புக்கு இரண்டு சொப்ட்வெயாரைச் சுமக்கும் தெம்பு இல்லை. ஒன்றை ஏற்றினால் மற்றதைக் கழற்றவேண்டும். எங்கள் வீட்டில் இவ்வளவும் அதிலிருந்துதான் தொடங்கியது.

என் மூத்த சகோதரி அஸ்பியா ராத்தா கணினியில் பொருட்கள் செய்கிறவள். வெளிநாட்டுக் கார்ட்டூன் காட்சிகளில் மேசைமேல் இருக்கும் கோப்பை, மூலையில் கிடக்கும் வாளி, இதையெல்லாம் திரையிலே கட்டிக் கொடுப்பாள். எப்போதாவது வரும் துண்டு வேலை. உயிருள்ள எதையும் செய்வதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்திருந்தாள். மார்க்கத்தில் உருவம் செய்வது கூடாது என்பது அவள் புருசன் றிஸ்மி மச்சானின் பிடிவாதம். கோப்பைக்கும் வாளிக்கும் யார் குற்றம் சொல்லப்போகிறார்கள்?

கல்முனை பசாரில் மச்சான் வேலைக்கு நின்ற கடை மூடப்பட்ட பிறகு, கட்டாருக்கு வேலைக்குப் போக ஏஜென்சியில் பாஸ்போட்டைக் கொடுத்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கம்பனி ராத்தாவுக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொன்னது. கார்ட்டூனில் வரும் கடற்கரை மீன்வாடிக் கொட்டில் ஒன்றுக்குத் தேவையான பொருட்களைச் செய்து அனுப்பவேண்டும், பிடித்தால் வேலை. வேலை கிடைத்தால் மச்சான் போகமாட்டார். அவர்களின் மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள்.

மீன் பெட்டி, தராசு, கத்தி, கயிறு என்று கேட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு குவியல் மீன்.

ராத்தாவிடம் இருந்தது அளவு வைத்துப் பெட்டி பெட்டியாகக் கட்டுகிற சொப்ட்வெயார். மீனுக்கு அது சரிவராது. களிமண்ணைப்போலப் பிசைந்து இழுக்கிற வேறொன்று வேண்டும். அது இலவசமாகவே கிடைத்தது; பழையதைக் கழற்றினால் ஏற்றலாம். ஆனால் அதைப் பழக்குகிற வீடியோக்கள் எல்லாம் மனித முகத்தில் தொடங்கின. மச்சான் எட்டிப் பார்த்த நேரம், திரையில் ஒரு கிழவனின் தலை கண்ணும் மூக்குமாகச் சுழன்றுகொண்டிருந்தது.

"இதயா நீ செய்யப்போறாய்?"

"இல்ல மச்சான். மீன் மட்டும்தான். அதுவும் செத்த மீன்."

"செத்தாலும் உருவம் உருவம்தானே."

"ஷரிபுதீன் மௌலவிட்டக் கேட்டுப் பாருங்களன்," என்றேன் நான்.

மச்சான் மறுத்துத் தலையாட்டினார். "கேட்டு, அவர் கொம்பியூட்டர் வேலையே கூடாதெண்டு சொல்லிட்டா? இரிக்கிறதும் போயிடும்."

ராத்தாவும் அதற்கு ஓம் போட்டாள். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கேட்கவும் பயம், செய்யவும் பயம். இதென்ன இரண்டுங்கெட்டான் வேலை! நானே போய்க் கேட்கிறேன் என்றதற்கு, "நீ வாயத் தொறக்காத" என்று ராத்தா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கடைசியில் பழைய சொப்ட்வெயாரிலேயே செய்தாள். பெட்டியும் தராசும் தத்ரூபம், துருகூடத் தெரிந்தது. மீன்கள் மட்டும் தகரத்தில் வெட்டியதுபோல விறைத்துக் கிடந்தன. அவற்றுக்குக் கண்ணும் வைக்கவில்லை. கண் இருந்தால்தான் உருவம் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். கம்பனிக்காரர்கள் நன்றி சொல்லி மறுத்துவிட்டார்கள். மீன்தான் காரணம் என்று எழுதியிருந்தார்கள்.

மச்சான் போனார். மகள் அவரை ஏற்றிப்போன வேனைப் பார்த்துச் சந்தோசமாகக் கையாட்டினாள். வாப்பா எங்கே போகிறார் என்று அவளுக்கு என்ன தெரியும். வேன் போன பிறகும் ராத்தா வாசலிலேயே நின்று அழுதாள்.

அதன்பிறகு, ஷரிபுதீன் மௌலவிக்கு அவளே கோல் எடுத்தாள். இனிப் பயப்பட என்ன இருக்கிறது? நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"அதுல கருத்து வித்தியாசம் இரிக்கி மகள்," என்றார் அவர். "ஆனா எனக்குப் பட்டமட்டுல, தொழிலுக்காக ஒரு செத்த மீனச் செய்யிறதுல குத்தமில்ல. முந்தியே கேட்டிரிக்கலாமே?"

ராத்தா ஸலாம் சொல்லிப் போனை வைத்தாள். பிறகு லெப்டொப்பைத் திறந்து, கண் வைக்காத அந்த மீன்களை எடுத்துப் பார்த்தாள்.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மச்சான் வீடியோவில் வந்தார். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தார். மகள் அவரை யாரோ என்று பார்த்துவிட்டு என் மடியில் முகத்தை ஒளித்துக்கொண்டாள். அவர் சிரிக்கப் பார்த்தார்.

"இஞ்ச கஷ்டம்தான் அஸ்பியா. ஆனா அல்லாஹ்வுக்காகத்தானே நாம அந்த மீனச் சரியாச் செய்யாம வேலைய விட்டம். அத நெனச்சாத்தான் எனக்கு நித்திரை வருது."

நான் ராத்தாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் மௌலவி சொன்னதைச் சொல்ல வாயெடுத்தாள்.

"ஓம் மச்சான்," என்றாள்.