காது மெஷினுக்கு விடுமுறை

கணவனுக்கு இனி வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆனதும், நவம்பர் முதல் வாரத்தில் அவள் மகளின் பழைய நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதினாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் எதையெல்லாம் நிறுத்தலாம் என்பது அந்தப் பட்டியல். செய்தித்தாள். இரண்டாவது பால் பாக்கெட். துணி தேய்க்கக் கொடுப்பது. மகளின் பள்ளி வேன். வாஷிங் மெஷின் வாரத்துக்கு ஒரு முறை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். புதுக் கட்டடங்கள் பாதியில் நின்றுவிட்டதால் கம்பெனி ஆட்களைக் குறைக்காமல் நாட்களைக் குறைத்திருந்தது. அவள் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். தேதி முடியப்போகிற மாவையும், நசுங்கிய டின்களையும் ஊழியர்களுக்குப் பாதி விலையில் தருவார்கள். அவற்றை ஒவ்வொன்றாக வாங்கிக் கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டியில் சேர்த்தாள்.

இத்தனையும் எதற்கென்றால், கணவனின் அண்ணன் ஆறு வருஷத்துக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து மனைவி மக்களோடு கிறிஸ்துமஸ் விருந்துக்கு வருகிறார்.

"வீட்ல கஷ்டம்னு அண்ணன் காதுல விழவே கூடாது," என்றான் கணவன். "விழுந்தா பணம் குடுப்பார். குடுத்துட்டுப் பத்து பேர்கிட்ட சொல்வார். வாய் நிறையச் சாப்பிட வச்சு அனுப்பணும். அவ்வளவுதான்."

"அனுப்பிடலாம்," என்றாள் அவள். சிக்கனத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அந்தத் தெருவிலேயே பெயர் உண்டு. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

பட்டியலின் கடைசியில் மாமனாரின் காது மெஷின் பேட்டரி இருந்தது.

மாமனார் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் இரும்புத் தகட்டில் ஆணி அடித்தவர். பட்டறை ஒரு காதை முழுசாக எடுத்துக்கொண்டது, மற்றதில் கால்வாசியை விட்டுவைத்தது. அந்தக் கால்வாசிக் காதுக்குப் பின்னால் முந்திரிப் பருப்பு அளவில் ஒரு மெஷின். அதற்குச் சட்டைப் பித்தானைவிடச் சின்னதாக ஒரு பேட்டரி. ஒன்று ஆறு நாள் வரும். ஆறு பேட்டரி கொண்ட அட்டையின் விலைக்கு விருந்துக்கான மாவும் சர்க்கரையும் வாங்கிவிடலாம்.

அவள் அவருடைய காதருகே குனிந்து சொன்னாள். "மாமா, வீட்ல இருக்கும்போது மட்டும் மெஷினைக் கழட்டி வச்சுக்கலாமா? வெளிய போறப்போ போட்டுக்குங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும்தான்."

அவர் யோசிக்கக்கூட இல்லை. "தாராளமா. இந்த வீட்ல பேசுறதெல்லாம் காசு குடுத்துக் கேக்குற மாதிரியா இருக்கு?" என்று சொல்லி மெஷினைக் கழற்றி, மாத்திரை வரும் சின்ன டப்பாவில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து.

முதல் இரண்டு வாரம் வேடிக்கையாகவே போனது. கத்தரிக்கோல் கேட்டால் கண்ணாடியை எடுத்து வருவார். வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும் எட்டு வயது மகளுக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. பிறகு கத்திக் கத்தி எல்லாருக்கும் தொண்டை வலித்தது. அவசியமானதை மட்டும் சொன்னார்கள். அப்புறம் அதையும் கையைக் காட்டியே முடித்துக்கொண்டார்கள். மாமனார் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, பேசுகிறவர்களின் வாயை மாறி மாறிப் பார்ப்பார். டிசம்பர் பிறந்தபோது அப்படிப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

அவள் அதைக் கவனிக்காமல் இல்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை அவர் முன் வைத்தபோது, அவர் இரண்டு நாளாக ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது சட்டென்று உறைத்தது. இன்னும் மூன்று வாரம்தானே என்று நினைத்துக்கொண்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டி முக்கால்வாசி நிரம்பியிருந்தது.

பள்ளி வேனை நிறுத்தியதிலிருந்து மாலையில் வாலுவை அழைத்து வருவது தாத்தாவின் வேலை. பதினைந்து நிமிட நடை. பேக்கரிக்குப் பின்னால் உள்ள சந்து வழியாக வந்தால் பத்தே நிமிடம்.

பதினேழாம் தேதி மாலை நாலரை மணிக்கு அவள் கல்லாவில் இருந்தாள். வரிசை காய்கறிப் பகுதி வரை நீண்டிருந்தது. ஒரு பெண்மணி வண்டி நிறையக் கொண்டுவந்த அலங்கார விளக்குகளை அவள் ஒவ்வொன்றாக பீப் பீப் என்று ஏற்றிக்கொண்டிருந்தபோது, மேற்பார்வையாளர் வந்து அவள் தோளைத் தொட்டார்.

"நீங்க எந்திரிங்க. நான் பாத்துக்கறேன். உங்க மாமனாருக்கு அடிபட்டிருக்காம்."

சந்தில் ரொட்டி வேன் ஒன்று பின்னோக்கி வந்திருக்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது கத்தும் அந்த ஒலி கத்தியிருக்கிறது. டிரைவர் ஹாரனும் அடித்திருக்கிறார். வாலு தன் செருப்பு வாரைச் சரிசெய்யச் சுவரோரம் ஒதுங்கி நாலடி பின்தங்கி நின்றவள், "தாத்தா, தாத்தா" என்று அலறியிருக்கிறாள். அவர் திரும்பவே இல்லை.

இடுப்பெலும்பு முறிந்து, மூன்று விலா எலும்பும் போயிருந்தது. ரத்த அழுத்தம் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் அறுவை சிகிச்சை என்றார் டாக்டர். நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையை அவளிடம் கொடுத்தாள். உள்ளே அவருடைய செருப்பு, கண்ணாடி, ரத்தம் காய்ந்த சட்டை. சட்டைப் பையில் மாத்திரை டப்பா.

அதை அவள் கழிவறைக்குள் போய்த் திறந்து பார்த்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் பேட்டரி தனியாக இருந்தது. புதுப் பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் மஞ்சள் காகிதத்தை அவர் பத்திரப்படுத்தி மறுபடி அதன்மேல் ஒட்டியிருந்தார், சக்தி வீணாகக்கூடாதென்று. வீட்டில் மேசை இழுப்பறையிலிருந்த அட்டையில் ஒன்றுதான் குறைந்திருந்தது. ஆறு வாரத்துக்கு ஒரு பேட்டரி. அவள் சொன்னதைவிட அதிகமாகவே அவர் சிக்கனம் பிடித்திருந்தார்.

டப்பாவைக் கைப்பையின் அடியில் தள்ளினாள். யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே நடைபாதையில் ரொட்டி வேன் டிரைவர் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் மாவு. அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஹாரன் அடிச்சேம்மா. ரெண்டு தடவை அடிச்சேன். நகர்ந்துடுவார்னு நெனைச்சேன். அவருக்குக் காது கேக்காதாம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் கணவன் நடுவில் வந்து நின்றான். "எங்கப்பாவுக்கு மெஷின் இருக்கு. வெளிய வந்தா மாட்டிக்கிட்டுத்தான் வருவார். பின்னாடி வழி பாக்க ஆள் நிக்காம வண்டியை ரிவர்ஸ் எடுத்துட்டு, பழியை அவர் காது மேல போடறியா?"

டிரைவர் மறுபடி சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் முற்பகல், கணவன் மருந்து வாங்கப் போயிருந்தபோது, அவள் படுக்கையருகே உட்கார்ந்து மெஷினில் பேட்டரியைப் போட்டு மாமனாரின் காதில் மாட்டினாள். அவர் கண்ணைத் திறந்தார். கூடத்தில் தள்ளுவண்டிகளும், தட்டுகளும், யாருடைய இருமலோ.

"என்ன இவ்வளவு சத்தம்," என்றார்.

"மாமா." அவர் பக்கம் குனிந்தாள். "ஏன் மாமா போட்டுக்கல? வெளிய போறப்போ போட்டுக்கச் சொன்னேனே."

"நீ சொன்னேதான். உன் மேல ஒண்ணுமில்ல." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "பெரியவன் வரான். ஆறு வருஷத்துக் கதை வச்சிருப்பான். ராத்திரி பகலா பேசுவான். அந்த நேரம் பாத்து பேட்டரி தீந்துடக்கூடாதுன்னுதான்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் அவளுடைய மணிக்கட்டைத் தட்டினார். "போய் ஏதாவது சாப்பிடு. கழட்டாதே. இருக்கட்டும்."

அண்ணன் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு தனியாக முதலில் வந்துவிட்டார். பத்தொன்பதாம் தேதி காலை விமான நிலையத்திலிருந்து நேராக மருத்துவமனைக்கு. பெரிய உடம்பு, நல்ல ஷூ. அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். அண்ணன் அவர் நெற்றியில் ஒரு தடவை கை வைத்தார். பிறகு தம்பியைக் கட்டிலின் இந்தப் பக்கம் இழுத்து நின்றுகொண்டார். மெஷின் மாட்டிய காது அந்தப் பக்கம், தலையணையோரம் மறைந்திருந்தது; அதை இருவரும் கவனித்திருக்கவில்லை.

"ஆபரேஷனுக்கு எவ்வளவு சொன்னாங்க?"

தம்பி சொன்னான்.

"உன்கிட்ட எவ்வளவு இருக்கு?"

தம்பி கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தான்.

"சரி, அதை விடு. ரொட்டிக் கம்பெனி இன்ஷூரன்ஸ் வச்சிருப்பான். ஆனா வாங்குறதுக்கு வழி தெரியணும். அப்பா மெஷின் போட்டிருந்தார்னு அடிச்சுச் சொல்லணும். போடலன்னு தெரிஞ்சா பாதியா வெட்டிடுவான். மெஷின் எங்க?"

"தெரியல. விழுந்த இடத்துல தொலைஞ்சிருக்கும்."

"அதுவே நல்லது. தொலைஞ்சுபோச்சுன்னே சொல்லு. பக்கத்துல இருந்தது உன் பொண்ணுதானே? அவளுக்குச் சொல்லிக்குடுத்துடு." குரலைத் தாழ்த்தாமலே மேலே சொன்னார். "ஒருவேளை அப்பா தாங்கலன்னா தொகை இன்னும் கூடுதலா வரும். எல்லாத்துக்கும் தயாரா இருக்கணும். எனக்கும் இருபத்தெட்டாம் தேதிக்கு மேல லீவு கிடையாது."

அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். மாமனாரின் கண் மூடியபடியே இருந்தது. ஆனால் கை மெதுவாக மேலே போனது. தலையணைக்கும் காதுக்கும் நடுவில் விரலை விட்டு மெஷினைக் கழற்றினார். அதை உள்ளங்கையில் பொத்தி, கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். சகோதரர்கள் இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அன்று மாலை போலீஸ்காரர் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வருவதற்குச் சற்று முன்னால் கணவன் மகளைச் சமையலறையில் ஸ்டூலில் உட்காரவைத்து எதிரே மண்டியிட்டான்.

"தாத்தா காதுல மெஷின் இருந்துச்சான்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"இருந்துச்சுன்னு."

"ஹாரன் அடிச்சாங்களா?"

"அடிச்சாங்க."

"இல்ல. கேக்கலன்னு சொல்லு."

"அடிச்சாங்கப்பா. நானும் கூப்பிட்டேன்." வாலு ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் சத்தமா கூப்பிடலையாப்பா? அதனாலயா?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுக் குழந்தை, கனத்தது. போலீஸ்காரர் வந்து கூடத்தில் உட்கார்ந்து காகிதத்தை எடுத்ததும், யாரும் கேட்காமலே பேசத் தொடங்கினாள்.

"மெஷின் அவர் பையில இருந்துச்சு, காதுல இல்ல. பேட்டரியைக் கழட்டி வச்சிருந்தார். செலவைக் குறைக்கணும்னு நான்தான் முதல்ல கழட்டச் சொன்னேன். எழுதிக்குங்க. குழந்தைகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க."

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "இவங்க அதிர்ச்சில இருக்காங்க, சார்."

"எனக்கு ஒரு அதிர்ச்சியும் இல்ல," என்றாள் அவள். "அந்த டிரைவர் பின்னாடி ஆள் இல்லாம வண்டி எடுத்தது தப்பு. அதையும் எழுதுங்க. ஹாரன் அடிச்சது நெஜம்."

போலீஸ்காரர் எழுதினார். கணவன் சமையலறை வாசலிலேயே நின்றான். அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைத் தாண்டி வேறு ஏதோ இருந்தது. அண்ணன் முன்னால் வீட்டு நிலைமை முழுக்க வெளியே வந்துவிட்டது, அதுவும் பேட்டரி அளவுக்கு.

இருபத்திரண்டாம் தேதி விடியும்போது மாமனாரின் நுரையீரலில் ரத்தம் உறைந்துவிட்டது. டாக்டர் கணவனிடம்தான் சொன்னார். அவன் அண்ணனிடம் சொன்னான். அண்ணன் அவளிடம் சொன்னார்.

இருபத்து நாலாம் தேதி காலையில் அடக்கம். மருத்துவமனைக்கும் கல்லறைக்கும் அண்ணன்தான் பணம் கட்டினார். கட்டியதைச் சொல்லிக் காட்டவில்லை. அப்படிக் காட்டியிருந்தால் தம்பிக்கு அவர் மேல் கோபப்பட ஒரு வழியாவது இருந்திருக்கும். டிரைவர் கல்லறை வாசலுக்கு வெளியே தலையைக் குனிந்து நின்றார். உள்ளே வரவில்லை, யாரும் அழைக்கவுமில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். பிஸ்கட், திராட்சை, டின் பால், பழச்சாறு. இரண்டு மாதம் ஒவ்வொன்றாகச் சேர்த்தது இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தது. "எல்லாம் முன்கூட்டியே தயாரா வச்சிருக்கீங்களே," என்று பக்கத்து வீட்டுக்காரி நல்ல மனதோடுதான் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் அன்று அண்ணனின் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்து ஹோட்டலில் தங்கினார்கள். மதியம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் வாலுவிடம் அவளுடைய பெயரைக் கேட்டார்கள். புறப்படும்போது அண்ணன் அவளைத் தனியாக நிறுத்தினார்.

"அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஷேவ் செய்யாத முகம். அந்த நேரத்தில் மாமனாரின் ஜாடை தெரிந்தது.

"நீங்க வரீங்கன்னு சந்தோஷமா இருந்தார். உங்ககூட நிறைய பேசணும்னு சொன்னார்," என்றாள். மீதியைச் சொல்லவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார்.

இருபத்தேழாம் தேதி அவள் வேலைக்குத் திரும்பினாள். கடை முழுக்கத் தள்ளுபடிப் பலகைகள். போலீஸ்காரர் வந்துபோன நாளிலிருந்து கணவன் பதினோரு நாள் அவளிடம் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான்.

"நீ சொல்லலன்னா பாதிப் பணம் கூடுதலா வந்திருக்கும். தெரியுமா?"

"தெரியும்."

"அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்குமா, நாங்க பேசினது?"

அவள் மகளுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். சீப்பைப் பல்லில் கடித்திருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான், கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கேள்வியைத் திரும்பக் கேட்காமல், கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனான்.